உண்ணியைத் தேடிப் போன டாக்டர்

மாடு வளர்ப்பவர்களுக்கு உண்ணியைத் தெரியாமல் இருக்காது. மாட்டின் காது மடிப்பில் இருக்கும். வாலுக்கு அடியில் இருக்கும். மடியில் ஒட்டிக் கிடக்கும். நாயின் கழுத்தைத் தடவினால் கொத்துக் கொத்தாகக் கையில் தட்டுப்படும். ரத்தம் குடிப்பதற்கு முன்னால் எள்ளைப் போலத் தட்டையாக இருக்கும். குடித்த பிறகு ஆமணக்குக் கொட்டையைப் போல உப்பிப் போகும். மாடு மேய்க்கும் பையன் அதைப் பிடுங்கிக் கல்லின் மேல் வைத்து நசுக்குவான். அதோடு மறந்துவிடுவான்.

அந்தச் சின்னஞ்சிறு உண்ணி மனிதனையே கொன்றுவிடும் என்று சொன்னபோது, படித்தவர்கள்கூட நம்பவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை நிரூபித்துக் காட்டினார் ஓர் இளம் டாக்டர். அவர் பெயர் ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ். அமெரிக்கர்.

உண்ணி அவரை ஒன்றும் செய்யவில்லை. நான்கு ஆண்டு அதோடு பழகியும் தப்பித்துக் கொண்டார். ஆனால், வேறொரு பூச்சி அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவருக்கு வயது 39.

விவசாயி மகன்

ரிக்கெட்ஸ் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி ஒகையோ மாநிலத்தில் பிண்ட்லே என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பையனைக் காலேஜில் சேர்த்தார்கள்.

1893-ல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி ஏற்பட்டது. பாங்கிகள் மூடப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் நொடித்தன. ரிக்கெட்ஸ் குடும்பமும் கையில் இருந்ததை இழந்தது. அதற்கு மேல் வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாது. மறு ஆண்டு நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் பி.ஏ. தேறியதும் சிகாகோவுக்குப் போனார். டாக்டர் படிப்பில் சேர்ந்தார். படித்துக்கொண்டே வேலை செய்து சம்பளத்துக்குப் பணம் கட்டினார். சரியான தூக்கம் இல்லை. சரியான சாப்பாடும் இல்லை. நடுவில் உடம்பு கெட்டுப் படுத்துவிட்டார். தேறி எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1897-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

சிகாகோவில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வைத்தியம் பார்த்துப் பணம் சேர்த்திருக்கலாம். அவருடைய மனம் அதில் போகவில்லை. நோய் எப்படி வருகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே நாட்டமாக இருந்தது. தோலில் புண்ணை உண்டாக்கும் ஒரு வகைக் காளானைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். 1900-ல் மைரா என்ற பெண்ணை மணந்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் போய்ப் பெர்லின், பாரிஸ் முதலிய நகரங்களில் கிருமி ஆராய்ச்சியைக் கற்று வந்தார். 1902-ல் சிகாகோ சர்வகலாசாலையில் உபாத்தியாயர் ஆனார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

இப்படியே இருந்திருந்தால் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கி, வயதாகி ஓய்வு பெற்றிருப்பார்.

பள்ளத்தாக்கில் மர்மம்

அமெரிக்காவின் வடமேற்கில் மாண்டனா என்று ஒரு மாநிலம். மலை நாடு. அங்கே பிட்டர்ரூட் என்று ஒரு பள்ளத்தாக்கு. பிட்டர்ரூட் என்றால் கசப்பு வேர் என்று அர்த்தம். அப்படி ஒரு செடி அங்கே உண்டு. அந்தப் பகுதிச் செவ்விந்தியர்கள் அதன் வேரைத் தோண்டி எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள்.

நடுவில் ஒரு நதி. மேற்கே பனி மூடிய மலைத் தொடர். கிழக்கேயும் மலை. மரம் வெட்டுகிறவர்களும், ஆடு மாடு வளர்க்கிறவர்களும், ஆப்பிள் தோட்டம் போடுகிறவர்களும் வந்து குடியேறினார்கள்.

குளிர்காலம் முடிந்து பனி உருகும். புல் முளைக்கும். எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டிய காலம் அது. ஆனால், பிட்டர்ரூட்டில் அதுவே பயங்கரமான காலம். நேற்றுவரை மரம் வெட்டிக் கொண்டிருந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பான். குளிர் நடுக்கும். காய்ச்சல் கொளுத்தும். இரண்டு மூன்று நாள் கழித்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு உடம்பு முழுவதும் பரவும். சிவப்பு மாறிக் கறுப்பாகும். அறிவு தடுமாறும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

இந்த நோய்க்குப் புள்ளிக் காய்ச்சல் என்று பெயர். அங்கே பத்துப் பேருக்கு வந்தால் ஏழு பேர் செத்தார்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோவிலும் இதே காய்ச்சல் இருந்தது. ஆனால், அங்கே நூற்றுக்கு ஐந்து பேர்தான் இறந்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. நதிக்கு மேற்குக் கரையில் வசிப்பவர்களுக்கே நோய் வந்தது. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு வரவில்லை. ஒருவன் கிழக்குக் கரையில் வீடு வைத்துக்கொண்டு, விறகு வெட்ட மேற்குக் கரைக்குப் போனால் ஆபத்து. போகாமல் இருந்தால் பயமில்லை.

மேற்கு மலையிலிருந்து பனி உருகி ஓடைகளாக வருகிறது அல்லவா? அந்தத் தண்ணீரில்தான் விஷம் இருக்கிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். வசந்த காலத்தில் நோய் வருவதற்கும், மேற்கில் மட்டும் வருவதற்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது. பார்வைக்குப் பொருந்துவதெல்லாம் உண்மையாகிவிடுமா?

1902-ல் மாண்டனா சுகாதார அதிகாரிகள் வில்சன், சவுனிங் என்ற இரு நிபுணர்களை அழைத்தார்கள். அவர்கள் வீடு வீடாக விசாரித்தார்கள். நோயாளிகளில் பலரை உண்ணி கடித்திருந்தது. காட்டு அணிலிடமிருந்து ஏதோ ஒரு கிருமியை உண்ணி கொண்டுவருகிறது என்று சொன்னார்கள். அந்தக் கிருமியைப் பார்த்துவிட்டதாகவும் எழுதினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, மத்திய சர்க்கார் அனுப்பிய வேறொரு நிபுணர் வந்தார். அவர் பெயர் ஸ்டைல்ஸ். பெரிய ஆள். எத்தனை ரத்தத்தைப் பரிசோதித்தும் அந்தக் கிருமி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கிருமி இல்லை, உண்ணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டார். கிருமி இல்லை என்பது சரி. உண்ணியையும் சேர்த்துத் தள்ளியதுதான் தவறு. ஓடைத் தண்ணீர்க் கதை மறுபடியும் தலை எடுத்தது. நிலம் விற்கும் வியாபாரிகளுக்கும் நிம்மதி. உண்ணி கடித்தால் சாவு என்று வெளியூருக்குத் தெரிந்தால் ஆப்பிள் தோட்டத்துக்கு யார் நிலம் வாங்குவார்கள்?

மாடு கற்பித்த பாடம்

உண்ணியால் நோய் வரும் என்பது அப்போது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. மனிதர்களுக்கு வரும் என்பதுதான் புதிது. மாடுகள் விஷயத்தில் அதற்கு முன்பே ருசுவாகி இருந்தது.

தெற்கே டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் செல்வார்கள். டெக்சாஸ் மாடுகள் நன்றாகவே இருக்கும். ஆனால், அவை மேய்ந்து போன புல்வெளியில் வடக்கத்தி மாடு மேய்ந்தால், சில வாரங்களில் காய்ச்சல் வரும். மூத்திரம் ரத்தமாகப் போகும். மாடு செத்து விழும். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தியோபால்டு ஸ்மித் என்ற விஞ்ஞானி மட்டும் மாட்டுக்காரர்களின் பேச்சை மதித்தார். கில்போர்ன் என்ற கால்நடை டாக்டரோடு சேர்ந்து 1889-ல் வாஷிங்டனுக்கு அருகே சோதனை தொடங்கினார். வேலி போட்டு வயல்களைப் பிரித்தார். தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு, வடக்கத்தி மாடுகளோடு கட்டினார். நோய் வரவில்லை. வேறொரு வயலில் தெற்கத்தி மாட்டையே விடாமல் உண்ணியை மட்டும் தூவினார். அங்கே மேய்ந்த மாடுகள் படுத்தன.

தாய் உண்ணி முட்டை இட்டுச் செத்துவிடும். அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு கடித்தாலும் மாட்டுக்கு நோய் வந்தது. அதாவது தாயின் உடம்பில் இருந்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போயிருந்தது. இதையெல்லாம் 1893-ல் ஸ்மித் வெளியிட்டார். சிறு ஜந்து ஒன்று கடித்து நோயைப் பரப்பும் என்று மிருகங்களிடம் சரியாக நிரூபித்தது அதுவே முதல் தடவை. நம் நாட்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு நாலு ஆண்டுக்குப் பிறகுதான்.

மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மாடுகளை இறக்கி ஏற்றி உண்ணிகளை ஒழிக்கும் வழக்கம் இதனால் பரவியது. 1943-ம் ஆண்டுக்குள் அமெரிக்காவில் மாட்டுக் காய்ச்சல் ஏறக்குறைய ஒழிந்தது.

காதடியில் ஓர் உண்ணி

1906 வசந்தகாலத்தில் ரிக்கெட்ஸ் மாண்டனாவுக்கு வந்தார். மிசூலா என்ற ஊரில் ரயில்வே ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் தோட்டத்தில் கூடாரம் அடித்தார். அதுதான் அவருடைய ஆராய்ச்சிச் சாலை. உள்ளே மேஜை, பூதக்கண்ணாடி, கூண்டுகள். கூண்டுக்குள் கினிப்பன்றிகள். பெயர்தான் பன்றி. பார்த்தால் முயலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட சாதுவான பிராணி.

யார் சொன்னது சரி என்ற சண்டைக்கே அவர் போகவில்லை. முதலில் நோயாளி ஒருவரின் ரத்தத்தை எடுத்துக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டார். சில நாளில் அதற்குக் காய்ச்சல் வந்தது. அதன் ரத்தத்தை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டார். அதற்கும் வந்தது. இது பெரிய லாபம். நோயாளி செத்துப் போனாலும் நோய் கூண்டுக்குள் உயிரோடு இருக்கும். இனி நிதானமாக ஆராயலாம்.

அடுத்தபடியாக, ஒரு பெண் உண்ணியைப் பிடித்தார். காய்ச்சலில் கிடந்த கினிப்பன்றியின் காதடியில் விட்டார். இரண்டு நாள் அது ரத்தம் குடித்தது. பிறகு அதை எடுத்து மாத்திரை வைக்கும் சிறிய டப்பாவில் அடைத்தார். இரண்டு நாள் பட்டினி. அதற்குப் பிறகு, நல்ல ஆரோக்கியமாக இருந்த வேறொரு கினிப்பன்றியின் காதடியில் விட்டார். காத்திருந்தார்.

அந்தக் கினிப்பன்றிக்குக் காய்ச்சல் வந்தது!

ஒரு தடவை நடந்தால் போதாது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதமே அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று. அதே கோடையில் சர்க்கார் சுகாதார இலாகா டாக்டர் வால்டர் கிங் என்பவரும் தனியாகச் சோதனை செய்து இதே முடிவுக்கு வந்தார். இருவரில் யார் முந்தி என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. கிங் வேறு வேலைக்குப் போய்விட்டார். ரிக்கெட்ஸ் விடாமல் பிடித்துக் கொண்டார்.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சிகாகோவில் பாடம் நடத்துவார். பனி உருகும்போது மாண்டனாவுக்கு ரயில் ஏறுவார். நோயைத் தேடிப் போகிற யாத்திரை அது. மற்றவர்கள் எந்த மாதத்தில் அந்தக் காட்டுப் பக்கம் போகப் பயந்தார்களோ, அந்த மாதத்தில்தான் அவருக்கு அங்கே வேலை.

உண்ணியின் வாழ்க்கை

கம்பளித் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் புதரில் இருக்கும் உண்ணிகள் அதில் தொற்றிக் கொள்ளும். உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, ஏதாவது உரசிப் போகாதா என்று தவம் கிடக்கும். அதன் பொறுமை அதிசயமானது. ஓர் ஆண்டுக்கு மேல்கூடப் பட்டினி கிடக்கும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அணில், எலி போன்ற சிறு பிராணிகளைப் பிடித்து ஒரு தடவை ரத்தம் குடிக்கும். கீழே விழும். சட்டை உரித்து எட்டுக்கால் பிராணியாகும். மறுபடி ஒரு சிறு பிராணி. மறுபடி சட்டை உரிக்கும். மூன்றாவது தடவைதான் பெரிய மிருகம்: மாடு, குதிரை, மான், மலையாடு. அகப்பட்டால் மனிதன். இந்த மூன்று சாப்பாட்டை முடிக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முழுதாக வளர்ந்த உண்ணி வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான் வெளியே வரும். மனிதனைக் கடிப்பது அதுதான். பனி உருகும் காலத்தில் நோய் வருவதன் ரகசியம் இதுதான். தண்ணீர் மேல் விழுந்த பழி நீங்கியது.

காட்டில் பிடித்த உண்ணிகளைக் கினிப்பன்றிகள் மேல் விட்டுப் பார்த்தார் ரிக்கெட்ஸ். நோய் கொடுக்கும் உண்ணி காட்டிலேயே இருந்தது. ஆனால், நூற்றுக்கணக்கில் தேடினால்தான் ஒன்று இரண்டு அகப்பட்டது. உண்ணி கடித்த எல்லோருக்கும் காய்ச்சல் வராதது ஏன் என்ற கேள்விக்கு அதுவே பதில். தாய் உண்ணி முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கு நோயைக் கொடுக்கிறது என்பதையும் கண்டார். மாடுகளிடம் ஸ்மித் கண்டது மனித நோயிலும் உண்மையாயிற்று.

ஒருமுறை காய்ச்சல் வந்து பிழைத்த கினிப்பன்றிக்கு மறுபடி வரவில்லை. அதன் ரத்தத்தில் ஏதோ பாதுகாப்பு உண்டாகிறது. அப்படியானால் குதிரைக்கு நோயைக் கொடுத்து, அதன் ரத்த நீரை மருந்தாக்கலாமே என்று முயன்றார். பெரிய பலன் கிட்டவில்லை.

நோயின் கிருமி எது? உண்ணியின் உடம்பிலும் முட்டைகளிலும் மிக நுண்ணிய பூச்சிகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். 1909-ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால், இதுதான் கிருமி என்று அடித்துச் சொல்லவில்லை. அதைத் தனியாகப் பிரித்து வளர்க்க அவரால் முடியவில்லை. முடியாததற்குக் காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. மற்ற கிருமிகளைப் போல அது கண்ணாடிக் குழாயில் வளராது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்து உட்கார்ந்தால்தான் பெருகும். ரிக்கெட்ஸ் சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதி வைத்தார். அவசரப்பட்டுப் பெயர் சூட்டவில்லை.

ஜனங்களிடம் அவருக்கு நல்ல பெயர் கிடைத்ததா? எல்லோரிடமும் கிடைக்கவில்லை. மாட்டை மருந்துத் தொட்டியில் இறக்கு என்றால் பலருக்கு எரிச்சல். பிற்காலத்தில் சர்க்கார் கட்டிய தொட்டி ஒன்றை யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த உண்ணி ஒழிப்பு வேலைக்கு வந்த மெக்ளின்டிக் என்ற டாக்டர் 1912-ல் புள்ளிக் காய்ச்சலுக்கே பலியானார்.

மெக்சிகோ அழைத்தது

1909-ல் மாண்டனா சர்க்காரிடம் எதிர்பார்த்த பணம் சமயத்தில் வந்து சேரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க ரிக்கெட்ஸுக்குத் தெரியாது. தெற்கே மெக்சிகோ நாட்டில் தபார்டில்லோ என்ற கொடிய காய்ச்சல் பரவிக் கொண்டிருந்தது. டைபஸ் என்று ஐரோப்பாவில் சொல்லப்படும் ஜுரம் அது. சிறைச்சாலை, போர் முகாம், பஞ்சம் என்று எங்கே ஏழைகள் நெருக்கி அடைந்து கிடக்கிறார்களோ அங்கே வரும். அதிலும் உடம்பில் புள்ளிகள் தோன்றும். புள்ளிக் காய்ச்சலுக்கும் இதற்கும் உறவு இருக்குமோ? அதைப் பார்த்துவிடத் தீர்மானித்தார்.

டிசம்பரில் மெக்சிகோ நகருக்குப் புறப்பட்டார். ரஸ்ஸல் வைல்டர் என்ற வைத்திய மாணவர் உதவிக்கு வந்தார். (இந்த வைல்டர் பிற்காலத்தில் மேயோ ஆஸ்பத்திரியில் பிரபலமானார். காக்காய் வலிப்புக்குக் கொழுப்பு அதிகமான சாப்பாட்டைக் கொடுக்கலாம் என்று 1921-ல் கூறியவர் இவர்தான்.)

இங்கே உண்ணி இல்லை. சந்தேகம் பேன் மேல் விழுந்தது. தலைப்பேன் அல்ல. துணி மடிப்பிலும் தையலிலும் ஒளிந்திருக்கும் சீலைப்பேன். அதே 1909-ல் ஆப்பிரிக்காவின் வட கரையில் டூனிஸ் நகரத்தில், நிக்கோல் என்ற பிரெஞ்சு டாக்டர் இதைக் கண்டிருந்தார். டைபஸ் நோயாளியின் துணிகளைக் கழற்றி, குளிப்பாட்டி, உள்ளே படுக்க வைத்த பிறகு அவனிடமிருந்து யாருக்கும் நோய் ஒட்டுவதில்லை. வாசலில் துணியைத் தொட்டவர்களுக்குத்தான் ஒட்டியது. நிக்கோலுக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரிக்கெட்ஸும் வைல்டரும் குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். நோயாளியின் ரத்தம் குடித்த பேன், குரங்குக்கும் நோயைக் கொடுத்தது. பேனின் வயிற்றிலும், நோயாளியின் ரத்தத்திலும், உண்ணியிடம் கண்டது போலவே நுண்ணிய பூச்சிகள் தென்பட்டன. இரண்டும் வேறு வேறு நோய்தான். ஆனால், ஒரே குடும்பம் என்பது விளங்கத் தொடங்கியது. நாலைந்து மாதத்தில் இவ்வளவு வேலை.

அந்தச் சமயத்தில் பென்சில்வேனியா சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. நல்ல சம்பளம், பெரிய பதவி. ஒப்புக்கொண்டார். மெக்சிகோ வேலையை முடித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

மே 3

சீலைப்பேன் கடிப்பது உடனே தெரியாது. அரிக்கும். சொறிவோம். பேனின் கழிவில்தான் கிருமி இருக்கிறது. சொறிந்த கீறல் வழியே அது உள்ளே போய்விடும். நோயாளியின் உடம்பு கொதிக்கத் தொடங்கியதும் பேனுக்கு அந்தச் சூடு தாங்காது. அவனை விட்டுப் பக்கத்தில் இருப்பவன் மேல் ஏறும். நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்தவர் ரிக்கெட்ஸ். பேன் நிரம்பிய கூண்டுகளோடு நாள் முழுவதும் புழங்கியவர். எந்த நாளில், எந்தப் பேன் என்று யார் சொல்ல முடியும்?

ஏப்ரல் மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. எந்தக் காய்ச்சல் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குறிகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த நகரத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து கிடையாது. 1910-ம் ஆண்டு மே 3-ந் தேதி மெக்சிகோ நகரத்தில் டாக்டர் ரிக்கெட்ஸ் காலமானார். பென்சில்வேனியாவுக்குப் போகவே இல்லை. மகனும் மகளும் சிறு குழந்தைகள்.

மெக்சிகோ நாடு துக்கம் கொண்டாடியது. அவர் வேலை செய்த ஆராய்ச்சிச் சாலைக்கு அவருடைய பெயரையே வைத்தது. உடலை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் கிர்க்வுட் என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மனியில் கைதி முகாமில் டைபஸ் பரவியது. அதை ஆராயப் போன புரோவாசெக் என்ற விஞ்ஞானியும் அதே நோயால் 1915-ல் இறந்தார். அவரோடு வேலை செய்த ரோச்சா லிமா என்ற பிரேசில் நாட்டு டாக்டருக்கும் நோய் வந்தது. அவர் பிழைத்தார். 1916-ல் அவர் டைபஸ் கிருமியைத் தெளிவாக விவரித்தார். பெயர் வைக்கும் உரிமை அவருடையது. தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. செத்துப் போன இருவரின் பெயரையும் சேர்த்து ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று வைத்தார்.

மாண்டனாப் புள்ளிக் காய்ச்சலின் கிருமிக்குப் பின்னால் ரிக்கெட்சியா ரிக்கெட்சி என்று பெயராயிற்று. முன் பெயரும் அவரே. பின் பெயரும் அவரே.

பிறகு நடந்தது

அவர் விட்ட வேலையை மற்றவர்கள் எடுத்துக் கொண்டார்கள். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் ஸ்பென்சர், பார்க்கர் என்ற இருவர் ஆராய்ச்சி செய்தார்கள். நோயுள்ள உண்ணிகளை அரைத்து, கார்பாலிக் திராவகத்தில் போட்டுக் கிருமியைக் கொன்று, தடுப்பு மருந்து செய்தார்கள். 1924 மே மாதத்தில் ஸ்பென்சர் அதை முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். அந்தக் கட்டிடத்தில் வேலை செய்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். 1922-ல் இறந்தவர் ஒரு மாணவர்.

1948-ம் ஆண்டு வாக்கில் புதிய மருந்துகள் வந்தன. குளோரோமைசிட்டின், ஆரியோமைசின் போன்றவை. ஆரியோமைசினின் இனத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையைத்தான் இன்று டாக்டர்கள் கொடுக்கிறார்கள். முதல் சில நாளில் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. தாமதமானால் இன்றும் ஆபத்துதான்.

நதியின் மேற்குக் கரை மர்மம் மட்டும் நெடுநாள் நீடித்தது. கிழக்குக் கரையிலும் அதே உண்ணிதான் இருந்தது. 1981-ல்தான் பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். கிழக்குக் கரை உண்ணிகளின் உடம்பில் அந்தக் கிருமியின் தங்கை முறையான வேறொரு கிருமி குடியிருக்கிறது. அதனால் மனிதனுக்குத் தீங்கு இல்லை. முட்டைக்குள் அது முதலில் இடம் பிடித்துக்கொண்டால், கொல்லும் கிருமி அந்த உண்ணிப் பரம்பரையில் நிலைப்பதில்லையாம்.

நம் பக்கத்திலும் இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் உண்டு. நாய் உண்ணியால் வரும் ஒரு வகைப் புள்ளிக் காய்ச்சல் இந்தியாவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் பலரைப் படுக்க வைக்கும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலும் கிட்டத்தட்ட இதே இனம். அதைக் கொண்டு வருவது உண்ணி அல்ல. புதர்களில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்புச் சிறு பூச்சி. கடித்த இடத்தில், பீடி சுட்டதைப் போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருப்பதால் டாக்டர் தேடிப் பார்க்க வேண்டும். 1957-ல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் இறந்தபோது அகப்பட்ட குற்றவாளி உண்ணிதான். ஆனால், அங்கே அது கொண்டு வந்தது வேறு வகைக் கிருமி.

உண்ணி கடித்து ஒட்டிக் கொண்டிருந்தால் நெருப்பு வைப்பதும், விரலால் நசுக்குவதும் கூடாது. நசுக்கினால் கிருமி கையில் படும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டினாற்போலத் தலைப் பக்கம் பிடித்து, நிதானமாக நேரே இழுத்து எடுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒட்டிச் சில மணி நேரம் ரத்தம் குடித்த பிறகுதான் பெரும்பாலும் அது கிருமியை இறக்குகிறது. ஆகையால் காட்டுக்கும் கொல்லைக்கும் போய் வந்த அன்றே உடம்பைப் பார்த்துக்கொள்வது லாபம்.

ரிக்கெட்ஸின் மகன் வளர்ந்து டாக்டரானார். தகப்பனார் பாடம் நடத்திய அதே சிகாகோ சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். மனைவி மைரா, கணவர் இறந்த இரண்டு ஆண்டில் அந்தச் சர்வகலாசாலைக்கு 5,000 டாலர் கொடுத்தார். நோய்க் கிருமிகளைப் பற்றிச் சிறந்த ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு அதிலிருந்து ஆண்டுதோறும் பரிசு வழங்க ஏற்பாடாயிற்று. பரிசு கொடுக்கும் நாள் மே 3.